மொபெட்டில் போன டி.என்.ஏ.

எங்கள் வீட்டில் தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை என்று எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்றுதான். சோமனூர்ப் பக்கம் எட்டு விசைத்தறி வைத்திருந்த அப்பா, காய்ச்சல் கண்டாலும் கொட்டகைக்குப் போகாமல் இருக்கமாட்டார். அவர் அன்று தறியை நிறுத்தியது எனக்கு டி.என்.ஏ. செய்து கொடுப்பதற்காக.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி. டி.என்.ஏ. என்பது முறுக்கிய ஏணி மாதிரி இருக்கும் என்று விளக்கினேன். "கட்டையை முறுக்க முடியாது கண்ணு" என்று சொல்லிவிட்டு நேரான ஏணியாகவே செய்தார். இரண்டு பக்கமும் சட்டம். ஒவ்வொரு சட்டத்திலும் பாதிப் பாதியாகப் படிகள். பாதிகள் நடுவில் கொக்கி போட்டுச் சேரும். பிரித்தால் இரண்டு சீப்பு, சேர்த்தால் ஓர் ஏணி. நாலு வகைப் படிகளுக்கு நாலு வர்ணம் அடித்ததும் அவர்தான்; தைமினுக்கு மஞ்சள். நான் என் பங்குக்கு இரண்டு சட்டத்திலும் அதன் சர்க்கரையின் பெயரை, 'டிஆக்ஸிரைபோஸ்' என்று கோணல்மாணலாக எழுதினேன்.

"துணி டெம்போவுல நானே கொண்டாந்து தாரேன். மொபெட்டுல கட்டிக்கிட்டுப் போவாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. மறுநாள் காலையில் ஏணியை எனக்குப் பின்னால் நிறுத்திக் கட்டி, வேகத்தடை ஒவ்வொன்றிலும் பறந்து, பள்ளி வாசலில் இறக்கினார். திரும்பிப் பார்த்தால் ஒரு சட்டத்தைக் காணோம். கொக்கி எங்கோ கழன்றுவிட்டது. மாமா பாதி வழி வரைக்கும் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

அப்பா கோபம் வந்தால் திட்டமாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு முறை மாமாவோடு ஆடி மாதம் முழுக்கப் பேசவில்லை. இப்போது என்னோடும் பேசமாட்டாரே என்று எனக்கு அழுகை முட்டியது. பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"போச்சாது உடு அம்மணி" என்றார் மாமா. "ஒத்தைச் சட்டமா இருந்தா அதுக்கு வேற பேருன்னு நேத்து நீதான சொன்ன?"

"ஆர்.என்.ஏ.ங்க."

"அப்ப இது அதுதான்."

முன்னால் வைத்திருந்த பெயர்ப் பலகையில் 'டி' மேல் 'ஆர்' ஒட்டப்பட்டது. மார்க் போட வந்த டீச்சர் குனிந்து பார்த்தார். "ஆர்.என்.ஏ.வுல தைமின் எப்படி வந்துச்சு? அந்த இடத்துல யுராசில் இருக்கோணும்."

"அஞ்சு நிமிசம் குடுங்க டீச்சர், மாத்திப்போடறோம்" என்றார் மாமா. பக்கத்து மேசைப் பெண்ணிடம் நகப்பூச்சு வாங்கி மஞ்சள் படிகளை எல்லாம் பழுப்பாக்கினார். தைமின் யுராசில் ஆயிற்று.

திரும்பி வந்த டீச்சர் சட்டத்தைத் தொட்டார். "சர்க்கரையும் தப்பு. டி.என்.ஏ. சர்க்கரையிலதான் ஒரு ஆக்ஸிஜன் கம்மி. இதுல அது இருக்கோணும்."

"அவ்வளவுதானுங்களா?" மாமா மொபெட் சாவியை எடுத்து 'டிஆக்ஸி'யைச் சுரண்டித் தள்ளினார். 'ரைபோஸ்' மிஞ்சியது. எழுத்தைக் குறைத்து ஆக்ஸிஜனைக் கூட்டியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

சாவி சட்டைப்பைக்குள் போகவும் அப்பா வரவும் சரியாக இருந்தது. அதே சாலையில் டெம்போவில் வந்தவர், துண்டில் சுற்றிய நீளமான எதையோ கக்கத்தில் இடுக்கியிருந்தார். பலகையைப் பார்த்தார். பழுப்புப் படிகளைப் பார்த்தார். மாமாவைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"என்ன கண்ணு இது?"

"ஆர்.என்.ஏ.ங்கப்பா" என்றேன். "டி.என்.ஏ. செல்லுக்குள்ள உட்கருவுலயே பத்திரமா இருக்குமுங்க. அதைப் பார்த்து எழுதிக்கிட்டு வெளிய வந்து வேலை செய்யறது இதுதானுங்க."

"ஒத்தைச் சட்டந்தானா?"

"ஒத்தைதானுங்க."

"அப்பச் சரி" என்றார்.

"கையில என்னங்க மச்சான்?" என்று கேட்டார் மாமா.

"தறிச் சாமான்."

ஒரு மணி நேரம் நின்றார். அதைக் கீழே வைக்கவே இல்லை. நான் வாங்கி வைக்கிறேன் என்றதற்கு அடுத்த கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

கண்காட்சியில் பதினொரு டி.என்.ஏ. இருந்தன, ஆர்.என்.ஏ. எங்களுடையது மட்டும்தான். முதல் பரிசு எனக்குக் கிடைத்தது. மச்சானை நன்றாக ஏமாற்றிப்போட்டோம் என்று வீடு வரும்வரை மாமா சிரித்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து, கொட்டகையில் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சட்டத்தைப் பார்த்தேன். மஞ்சள் படிகள் மஞ்சளாகவே இருந்தன. இரண்டு படி உடைந்து, குறுக்கே டயர்த் தடம் பதிந்திருந்தது.

"ஒண்ணு கூடுதலாவே செஞ்சிருந்தீங்களாப்பா?" என்று கேட்டேன்.

தறியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஆமா கண்ணு" என்றார்.

எவ்வளவு முன்யோசனைக்காரர் என்று எனக்கு ஒரே பெருமை. அவர் கூடுதலாகச் செய்த சட்டத்தில் என் கோணல் எழுத்தில் 'டிஆக்ஸிரைபோஸ்' எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.