அம்மாவின் தோப்பும் ஆகாயப் படமும்

வேலைக்காக நான் தினமும் பார்க்கும் செயற்கைக்கோள் படங்களை அம்மா ஒருநாளும் மதித்ததில்லை. எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்ததும் திடீரென்று மதிப்பு வந்துவிட்டது. திருவெள்ளறைப் பக்கம் ஒரு இடம் இருப்பதாகவும், அவர்களுக்கு வயல் நிறைய என்றும் தரகர் சொல்லியிருந்தார்.

"அவர் சொல்றத எல்லாம் நம்ப முடியுமா? நீ மேலேர்ந்து பாத்து சொல்லு."

அம்மா மட்டும் என்ன, அரிச்சந்திரன் வீட்டுப் பெண்ணா? ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். தென்னை பட்டுப்போய், அங்கே தகரக் கொட்டகை போட்டு, சிமெண்ட் மூட்டை அடுக்க வாடகைக்கு விட்டுப் பல வருஷம் ஆகிறது. தோப்பு அம்மாவின் வாயில் மட்டும்தான் காய்த்துக்கொண்டிருந்தது.

பெண்ணின் போட்டோவை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று முடிவும் செய்துவிட்டேன். அதனால் மார்கழி மாதப் படம் ஒன்றைத் தேடி எடுத்தேன். நெல் நிற்கும் மாதம். வயலெல்லாம் செக்கச்செவேலென்று இருந்தது.

"என்னடா ரத்தக்களறியா இருக்கு? காஞ்சு கிடக்கா?"

"பச்சைதாம்மா அது. செடி கொடியிலேர்ந்து வர்ற ஒரு வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. இந்தப் படம் அத சிவப்பா காட்டும். கட்டடம், வெறுந்தரை எல்லாம் சாம்பலா வரும்."

"பச்சைய பச்சையா காட்டினா என்ன கேடு?"

படத்தைப் பெரிதாக்கினேன். சித்திரையில் அதே வயல் சாம்பலாகக் கிடந்த படத்தைக் காட்டவில்லை. கோடையில் வயல் காய்வது உலக வழக்கம்தான். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தால் சம்பந்தம் அதோடு சரி.

பெண் பார்க்கப் போனோம். கேசரி வந்தது. பெண்ணும் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தோப்புல காய்ப்பு எப்படி ஆன்ட்டி?"

"அத ஏம்மா கேக்குற, பறிக்கத்தான் ஆள் கிடைக்க மாட்டேங்குது."

அவள் செல்போனை அம்மா பக்கம் திருப்பினாள். "தரகர் லொகேஷன் அனுப்பினாரு. சுத்தி எல்லாம் சிவப்பா இருக்கு, உங்க இடம் மட்டும் சாம்பலா இருக்கே. கொட்டகை போட்டிருக்கீங்களா?"

இணையத்தில் எனக்கு ஓசியில் கிடைக்கும் படம் ஊருக்கே ஓசி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா கேசரியில் முந்திரி தேடினாள்.

"நீங்களும் எங்க வயல பாத்திருப்பீங்க. எந்த மாசம்?" இது எனக்கு.

"மார்கழி."

"சித்திரை பாக்கலையா?"

நானும் முந்திரி தேடினேன்.

திரும்பும்போது கொள்ளிடப் பாலத்தில் கார் ஏறியதும் அம்மா சொன்னாள்: "இந்தப் பொண்ண விட்டுடாத. நம்ம வீட்டுல உண்மை பேச ஒரு ஆளாவது வேணும்."

கல்யாணம் முடிந்தது. போன ஆடியில் அம்மா தானே ஸ்ரீரங்கம் போய், கொட்டகைக்குப் பின்னால் வரிசையாகத் தென்னங்கன்று வைத்துவிட்டு வந்தாள். செயற்கைக்கோள் படத்தில் கன்றெல்லாம் தெரியாது, மரமாக வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. அப்படியும் புதுப் படம் வரும்போதெல்லாம் மருமகளைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறாள்.

"சிவந்துச்சாம்மா?"

"இன்னும் இல்ல அத்தை."

என்னிடம் மட்டும் கேட்பதில்லை. நான் சிவந்துவிட்டது என்று சொல்லிவிடுவேனாம்.