ஆரஞ்சக்காவின் நட்சத்திரம்

செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவளை நட்சத்திரம் பார்க்கும் குழுவில் எல்லோரும் ஆரஞ்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வானம் முழுக்க நட்சத்திரம் கொட்டிக் கிடக்க, அவள் விழுந்து விழுந்து பார்த்ததெல்லாம் ஒரே ஒரு ஆரஞ்சு நட்சத்திரத்தைத்தான். எங்கோ தொலைவில் கிழடுதட்டி ஊதிப்போன நட்சத்திரம் அது. சூரியனைவிடச் சூடு குறைவு, உருவம் மட்டும் பல மடங்கு. சில மாதம் மங்கும், சில மாதம் பளிச்சிடும். கடைக்கு வரும் பாதி போன்களும் இப்படித்தான் என்பாள்.

இருட்டியதும் மொட்டை மாடியில் பைனாகுலரோடு நின்று, பக்கத்திலிருக்கும் வெள்ளை நட்சத்திரத்தோடு அதை ஒப்பிட்டு, எது பிரகாசம் என்று குழுவுக்குச் சொல்லி அனுப்புவாள். உலகத்தில் இதைவிட இதமான வேலை கிடையாது என்பது அவள் கட்சி.

கொஞ்ச நாளாக ஒரு வம்பு. இரண்டும் சமம் என்றார்கள் மற்றவர்கள். இவளுக்கு மட்டும் ஆரஞ்சு தூக்கலாகத் தெரிந்தது. கண்ணில்தான் கோளாறோ என்று சந்தேகம். மயிரிழைக் கம்பியைப் பற்றவைத்துப் பிழைப்பவளுக்குக் கண்தானே முதல். டாக்டரிடம் போகவும் பயம், வீட்டில் சொல்லவும் பயம்.

அன்று இருட்டியதும், பஸ் ஓட்டும் அவள் கணவர் டீயோடு மாடிக்கு வந்தார். பைனாகுலரை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு."

"அப்போ என் கண்ணுதான் போச்சு" என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவர் டீயைக் கீழே வைத்தார். "இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நெஜமாயிடுமோன்னு பயந்தேன்."

"நீ கடையில ஸ்க்ரூவப் பாக்கற மாதிரி அதையே முறைச்சுக்கிட்டு நிக்கற. நான் பஸ் கண்ணாடியப் பாக்கற மாதிரி சட்டுனு பாத்துட்டுக் கண்ண எடு."

சட்டென்று பார்த்தாள். இரண்டும் சமம். உற்றுப் பார்த்தாள். ஆரஞ்சு மெல்ல மெல்லப் பிரகாசமானது. குழுவில் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்: சிவப்பு, ஆரஞ்சு நட்சத்திரங்களை வெறித்துப் பார்த்தால் கண் அவற்றின் பிரகாசத்தை ஏற்றிக் காட்டும். ஆசை மிகுதியில் அதைக் கோட்டை விட்டிருந்தாள்.

"எதுக்கும் நாளைக்கு டாக்டர்கிட்டயும் காட்டிடுவோம்" என்றார் அவர். அவள் தலையாட்டிவிட்டுப் போனை எடுத்துக் குழுவிடம் பேசினாள்.

"நான் கொஞ்ச நாளா அனுப்பினது எல்லாம் தப்பு. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுங்க" என்று சொல்லும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன் தப்பை இத்தனை சந்தோஷமாக ஒப்புக்கொண்ட ஆளை அந்தக் குழு அதுவரை கண்டதில்லை.