பின்னால் நிற்கிறவன்

கோல் விழுந்தால் யாரைத் திட்டுவார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பந்தைப் பிடுங்க முன்னால் ஏறிப்போய் ஏமாந்தவனைத்தான். அவனுக்குப் பின்னால், நிற்கவேண்டிய இடத்தில் ஒழுங்காக நின்று வேடிக்கை பார்த்தவனை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். டிவியில் ரீப்ளே போட்டாலும் ஏறிப்போனவன் முகத்தைத்தான் காட்டுவார்கள். வீடியோ கேமிலும் அப்படியே. இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து நான் பின்னால் நிற்கிறவனாகத்தான் ஆடிவருகிறேன். ரொம்ப நாள் அதைத் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் லைன் லீடர். கார்களுக்கான தகட்டுப் பாகங்களை பிரஸ் மெஷினில் அடித்து எடுக்கும் வேலை. அக்காவின் வீடு என் அறையிலிருந்து அடுத்த தெரு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக அங்கேதான் போவேன். அக்காவின் கோழிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நானும் மாமாவும், அதாவது அக்காவின் கணவரும், டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். ஒரு போனஸில் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்த கேம் பெட்டி அது. ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக், ஆடுவது ஃபுட்பால். அக்கா, “ரெண்டு எருமையும் உக்காந்துச்சுடா” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போவாள்.

அந்த கேமைத் தனியாக ஆடும்போது ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டால், நம் அணியில் கம்ப்யூட்டர் ஆட்டுவிக்கிற இன்னொருவன் பந்து வைத்திருப்பவன் மேல் பாய்வான். நாம் இருந்த இடத்தைவிட்டு அசையவேண்டாம். அவன் பந்தைப் பிடுங்கினால் லாபம். ஏமாந்தால் பின்னால் நாம் பத்திரமாக இருக்கிறோம். எனக்கு ரொம்பப் பிடித்த பொத்தான் அது. மாமாவும் நானும் ஒரே அணியில் சேர்ந்து, நெட்டில் முகம் தெரியாத யார் யாரோடோ ஆட ஆரம்பித்த பிறகு அந்தப் பொத்தானுக்கு வேலை இல்லாமல் போனது. அதுதான் மாமா இருந்தாரே.

உத்தரவு கொடுப்பது நான். எதிராளி பந்தோடு வரும்போது நீளமாகப் பேச நேரம் இருக்காது, அதனால் எல்லாம் ஒற்றைச் சொல். “ஏறு” என்றால் மாமா பந்தை நோக்கிப் போகவேண்டும். “நில்லு” என்றால் பந்துக்குக் கால் நீட்டாமல் எதிராளியின் வழியை மட்டும் மறிக்கவேண்டும். “உள்ள” என்றால் ஓரத்தை விட்டுவிட்டு நடுவுக்கு வரவேண்டும். மரியாதைக்காரன் நான், மாமாவை வீட்டில் நீங்க, வாங்க என்றுதான் பேசுவேன். ஆட்டத்தில் மட்டும் ஏறு, நில்லு. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. “கோடு” என்று இன்னொன்றும் இருந்தது. தற்காப்பில் நிற்கிற எல்லோரும் ஒரே வரிசையாக ஒரே நேரத்தில் முன்னால் ஏறிவிட்டால் எதிராளி ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வான். ஒருத்தன் மட்டும் பின்னால் தங்கிவிட்டால் போச்சு, அத்தனை பேர் ஏறியதும் வீண். அதில் நானும் ஏறவேண்டும் என்பதால் அதை மட்டும் நான் கூப்பிடவே மாட்டேன்.

சில நேரம் நான் “ஏறு” என்று தாமதமாகக் கத்தியிருப்பேன். மாமா போய் ஏமாந்திருப்பார், கோல் விழுந்திருக்கும்.

“இன்னா மாமா, அவ்ளோ அவசரம்?” என்பேன்.

“என் தப்புதான் மச்சான், கால உட்டுட்டேன்” என்பார் சிரித்துக்கொண்டே. ஒரு தடவையாவது, நீதானேடா போகச் சொன்னே என்று கேட்டிருக்கலாம் அந்த மனிதர்.

மாமா வேலை பார்த்ததும் என் லைனில்தான். நான் பர்மனென்ட், அவர் கான்ட்ராக்ட். வெளியாட்களுக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. பர்மனென்ட் ஆள் வாயைத் திறந்தால் மெமோ வரும், பதில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். கான்ட்ராக்ட் ஆளுக்கு மெமோகூடக் கிடையாது. “பிரேக்” என்பார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இரு, கூப்பிடுகிறோம் என்று கான்ட்ராக்டர் போனில் சொல்லுவார். சும்மாவே அவ்வப்போது எல்லோருக்கும் கொடுப்பதுதான். தொடர்ந்து வேலை பார்த்ததாகக் கணக்கு வந்தால் பர்மனென்ட் கேட்டுவிடுவார்களே! பெரும்பாலும் திரும்பக் கூப்பிடுவார்கள், பிடிக்காத ஆளை மறந்துவிடுவார்கள். இது தெரியாதவர் இந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது. எனக்கு நன்றாகவே தெரியும்.

பிரஸ் மெஷினுக்குள் கை போனால் மெஷினை நிறுத்துவதற்கு ஒரு சென்சார் இருக்கும். ஆர்டர் நெருக்கிய சமயத்தில், அடிக்கடி நின்று உற்பத்தி கெடுகிறது என்று அதன் இணைப்பை எடுத்துவிட்டார்கள். ஒருநாள் எங்கள் லைனில் ஒருவரின் கையுறை மெஷினுக்குள் போய் அப்பளமாக வெளியே வந்தது. கை தப்பியது அவர் நல்ல நேரம். அன்று கேன்டீனில் எல்லோரும் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினார்கள். மேனேஜரிடம் போய்ப் பேசியே ஆகவேண்டும் என்றார்கள். பேச்சு முடிந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லைன் லீடர் நான், பர்மனென்ட் நான், போகவேண்டியவன் நான்தான்.

அந்தச் சமயம் எனக்குத் திருநின்றவூரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வியே “பர்மனென்ட்டா?” என்பதுதான். என் பெயரையே அதற்குப் பிறகுதான் கேட்டார். இதைக் காரணமாகச் சொல்கிறேனா, சாக்காகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவின் காதில் சொன்னேன்.

“மாமா, நீங்க போய் எடுத்து சொல்லுங்க. சர்ச்ல ஜெபம் பண்றவரு, உங்களுக்குத்தான் பேச வரும். நான் பின்னாடியே நிக்கிறேன்.”

“நீ உள்ள வர்லியா?”

“கதவாண்டதான் இருப்பேன். நீங்க போங்க.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எத்தனை தடவை கேட்ட குரல்! சரி என்று எழுந்துவிட்டார்.

மேனேஜரின் அறை லைனுக்குப் பக்கத்திலேயே, கண்ணாடிக் கதவு போட்டது. மாமா உள்ளே போனார். கதவு முழுசாகச் சாத்தவில்லை. மாமா நன்றாகத்தான் பேசினார். குரலை உயர்த்தாமல், கையுறை விஷயத்தைச் சொல்லி, எல்லாரும் புள்ளகுட்டிக்காரங்க சார் என்றார். மேனேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நீங்களா வந்தீங்களா, யாராவது அனுப்பிச்சாங்களா?”

மாமா திரும்பிப் பார்த்தார். நான் கதவுக்கு அருகில் இருந்த பெட்டியில் குனிந்து பாகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புரட்ட அங்கே ஒன்றுமே இல்லை, ஏற்கெனவே சரிபார்த்து வைத்த பெட்டி அது. மேனேஜர் எழுந்து கதவருகே வந்து, “உனக்குத் தெரியுமாப்பா இது?” என்று என்னைக் கேட்டார்.

“இப்பதான் சார் கேள்விப்பட்றேன்” என்றேன்.

மாமாவுக்கு அது கேட்டது. கேட்காத தூரம் இல்லை. மேனேஜர் பக்கம் திரும்பி, “நானாத்தான் சார் வந்தேன்” என்றார்.

அந்த வாரமே சென்சாரை மறுபடி மாட்டிவிட்டார்கள். எங்கள் லைனில் எல்லோருடைய கைகளும், இதை எழுதுகிற என் கையும் சேர்த்து, பத்திரமாக இருக்கின்றன. மாமாவுக்கு பிரேக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து கான்ட்ராக்டர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அன்று கேன்டீனில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தால் யாருக்கென்று பிரேக் கொடுத்திருப்பார்கள்? நான் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள். கூப்பிடவேண்டிய நான் ஒரு பெட்டிக்குள் தலையைவிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது மாமா காக்களூரில் ஒரு சின்னப் பட்டறையில் இருக்கிறார். பெரியபாளையம் வழியாக பஸ் மாறி மாறிப் போகவேண்டும். மகள் எழுந்திருக்குமுன் கிளம்பி, அவள் தூங்கிய பிறகு வருகிறார். சம்பளமும் குறைவு. மகள் ஞாயிற்றுக்கிழமையை “அப்பா கெழம” என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அக்கா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அக்காவுக்கு எதுவும் தெரியாது. மாமா அவளிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவள் என்னைத் துடைப்பத்தால் அடித்திருப்பாள், நானும் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கோழியில் எனக்கு இன்னும் கால் துண்டுதான் விழுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா சாதம் போடும்போதே ஆரம்பித்தாள். கான்ட்ராக்டரை சர்ச்சில் பார்த்தாளாம். கம்பெனியில் ஆள் பற்றாக்குறை, மாமாவைத் திரும்ப எடுக்கலாமா என்று பேச்சு வந்திருக்கிறதாம். மேனேஜர் ஒன்றைத்தான் யோசிக்கிறாராம். தானாகவே பிரச்சினை கிளப்புகிற ஆள் என்றால் வேண்டாம், யாரோ தள்ளிவிட்டுப் போனவர் என்றால் எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை லைன் லீடரைக் கூப்பிட்டுக் கேட்பாராம்.

“உன்னத்தான் கேப்பாங்க. யாருன்னு உனக்குத் தெரியாமயா இருக்கும்? ஒரு வார்த்த சொல்லிடு தம்பி. இந்தாளு பஸ்ஸுல நின்னுகினே பாதி ஆயிட்டாரு” என்றாள்.

“சொல்றேங்க்கா” என்றேன். மாமா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்து ஜாய்ஸ்டிக்கை எடுத்தோம். நான் வழக்கம்போலப் பின்னால் இருக்கிற ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுக்கப் போனேன். மாமா, “மச்சான், இன்னிக்கு நீ ஏறு. நான் பின்னாடி நிக்கிறேன்” என்றார். அவர் உத்தரவு போட்டு நான் ஆடியது அதுதான் முதல் தடவை.

எனக்கு ஏறி ஆடத் தெரியவில்லை. எதிராளிகள் யாரோ சூரர்கள். முதல் பந்துக்கே நான் பாய்ந்தேன், பந்து வைத்திருந்தவன் லேசாகத் திரும்பினான், நான் புல்தரையில் சறுக்கிக்கொண்டு எங்கேயோ போனேன். எனக்குப் பின்னால் மொத்த இடமும் காலி. கோல்தான் என்று நினைத்தபோது மாமாவின் ஆள் குறுக்கே வந்து நின்றான். பாயவில்லை, கால்கூட நீட்டவில்லை. வழியை மறித்துக்கொண்டு, நான் எழுந்து திரும்பி ஓடிவரும்வரை அவனைப் பிடித்துவைத்தான். மறுபடி ஏமாந்தேன். மறுபடி அவர் இருந்தார். பின்னால் நிற்பது என்றால் அது. இத்தனை நாள் நான் நின்றது வேறு.

“சாரி மாமா” என்றேன்.

“உடு, நான் இருக்கேன்ல?”

பாதி ஆட்டத்தில் இடைவேளை வந்தது. மாமா டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே பேசினார்.

“நாளைக்கு கூப்ட்டா, எனக்கு ஒண்ணும் தெர்லன்னு சொல்லிடு. உங்க அக்கா சொல்றத மனசுல வெச்சிக்காத. கல்யாணம் வேற பேசிக்கினு இருக்காங்க, இப்ப போயி பேஜாரு வேணாம். காக்களூர் எனக்குப் பழகிடுச்சு.”

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். இல்லை மாமா, நான்தான் அனுப்பினேன் என்று சொல்லப்போகிறேன். அவ்வளவுதான், சின்ன வாக்கியம். அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது எனக்குள் ஒன்று நடந்தது. நெஞ்சில் மாதக்கணக்காக இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நான் வெட்கத்தோடு எழுதுகிறேன், ஆனால் அது இருந்தது. சோற்றை ஊட்டிவிட்டதுபோல இதமாக இருந்தது.

“சரி மாமா” என்றேன்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தோமா தோற்றோமா என்று நினைவில்லை. மகள் வந்து மாமாவின் மடியில் படுத்துக்கொண்டாள். அவர் அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டி ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, “இன்னொண்ணு ஆடலாமா?” என்றார். ஆடலாம் என்றேன். யார் ஏறுவது, யார் நிற்பது என்று இந்த முறை அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆட்டம் தொடங்கியதும் என் கட்டை விரல் தானாகவே போய்ப் பின்னால் நிற்கிறவனைத் தேர்ந்தெடுத்தது.