கொசுவுக்குப் போட்ட புகை

டெங்குவில் படுத்து எழுந்த என் மனைவியை, செஞ்சியில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கொசு மறுபடி கடித்துவிடுமோ என்று பயந்தேன். சின்ன வயதில் எங்கள் அப்பா, அதாவது நைனா, சாயங்காலமானால் வேப்பிலைப் புகை போடுவார். கண் எரிய எரிய அவர் மடியில் படுத்திருந்த சுகம் இன்னும் மறக்கவில்லை. அந்த ஆசையில் நானும் முருங்கை மரத்தடியில் புகை போட்டேன். மேலே குளவிக்கூடு இருந்ததைக் கவனிக்கவில்லை. நைனாவின் தொப்பை மட்டும்தான் எனக்கு வந்திருக்கிறது.

குளவிகள் துரத்த, செடிக்குத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த சிமெண்ட் தொட்டிக்குள் குதித்தேன்.

"இன்னாங்க, இந்த வயசுல நீச்சலா?" என்று வீட்டு ஜன்னல் வழியே பார்த்து மனைவி கத்தினாள்.

நல்லவேளை, ஒரு கொட்டோடு தப்பித்தேன். எழுந்து பார்த்தால் பனியன் முழுக்கக் கொசுப்புழு! இத்தனை நாளாகக் கொசு வளர்த்தது நான்தான்.

இப்போது வாராவாரம் தொட்டியைக் காலி செய்து தேய்க்கிறேன். மனைவி தைரியமாகத் தோட்டத்தில் உட்கார்ந்து, "அந்த மூலைல பாசி இருக்குதே, கண்ணு தெரியல?" என்று அதட்டுகிறாள்.