சிம் கார்டு யார் பாகம்?

போன வியாழக்கிழமை என் அம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

“எம்புள்ளகிட்ட சொன்னா ஒரு நிமிசத்துல மாத்திக் குடுத்துடுவான். நீங்க கவலையே படாதீங்கம்மா!”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதனால் மிக்ஸி ஓடாவிட்டாலும் நான்தான், வெப்சைட் ஓடாவிட்டாலும் நான்தான். படித்தவனுக்குத் தெரியாதா என்ன?

வாக்குப் பெற்றவர் கலா அக்கா. திருநள்ளாற்றில் லாட்ஜ் நடத்துகிறார். அம்மாவுக்கு அங்கேதான் வேலை. கணவர் காலமான பிறகு, அக்காவுக்கும் கொழுந்தனாருக்கும் பாகம் பிரிந்தது. கட்டில், மெத்தை, அண்டா, குண்டா வரை பெரியவர்கள் உட்கார்ந்து பிரித்தார்கள். பழைய லாட்ஜ் அக்காவுக்கு. எதிர்வாடையில் உள்ள புதுக் கட்டடம் கொழுந்தனாருக்கு.

லாட்ஜின் போன் நம்பர்? அது யார் ஞாபகத்துக்கும் வரவில்லை. சிம் கார்டு கொழுந்தனாரின் சட்டைப் பையிலேயே போய்விட்டது.

அக்காவின் வெப்சைட்டில் இன்னும் அந்த நம்பர்தான். ரூம் கேட்டுக் கூப்பிட்டால் எடுப்பவர் கொழுந்தனார். “அங்க ஃபுல்லுங்க. எதிர்லயே நம்ம லாட்ஜ் இருக்கு, வாங்க!” அக்காவின் ரூம்களோ சனிக்கிழமைகூடக் காலி.

“இந்தச் சனிக்கிழமையும் இப்படியே போனா, ஒங்கம்மாவ வேலைக்கி வச்சுக்க முடியாது தம்பி” என்றார் அக்கா. மிரட்டல் இல்லை. அழாத குறை.

ஒரு நம்பர்தானே என்று திறந்து பார்த்தேன். சைட் செய்த மகானுபாவர், பக்தர்கள் புறப்படும் ஊருக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறார்! பெங்களூர்க்காரர்களுக்கு ஒன்று, ஹைதராபாத்காரர்களுக்கு ஒன்று... ஊர்ப் பெயரைத் தவிர எல்லாம் ஒரே சங்கதி. அத்தனையின் அடியிலும் பழைய நம்பர். கையால் மாற்றிக்கொண்டிருந்தால் அடுத்த சனிப்பெயர்ச்சி வந்துவிடும்.

மொத்தமாகத் தேடி மாற்றித் தரும் மென்பொருள் உண்டா? ஏராளம்! முதலாவது, இலவசம் என்று அழைத்து, நாலு பக்கம் மாற்றியதும் பணம் கேட்டது. இரண்டாவது நம்பரை ஒழுங்காக மாற்றியது — கூடவே தமிழ் எழுத்து முழுவதையும் கேள்விக்குறிகளாக்கியது. மூன்றாவதை இறக்கினால், நான் கேட்காத ஜாதக ஆப் ஒன்றும் சேர்ந்து இறங்கியது. அதிலும் ஒரே பக்கத்தில் ஐந்து பச்சை ‘டவுன்லோடு’ பட்டன்கள். எது நிஜம், எது விளம்பரம்... எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் உருப்படியாக ஒன்று சிக்கியது. பழைய நம்பர், புது நம்பர் இரண்டையும் கொடுத்தேன். ‘உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டர்களிலும் மாற்றவா?’ என்றது. இருந்த எரிச்சலில், மாற்றித் தொலை என்று டிக் அடித்தேன். அப்படியே ஏற்றியும் விட்டேன்.

சாயங்காலம் லாட்ஜுக்குப் போனால், அக்காவின் புது போன் ஓயாமல் அடிக்கிறது! தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்த அம்மா, என்னைப் பெற்றதே அன்றுதான் என்பதுபோல் பார்த்தார்.

அப்போது ஒரு அழைப்பு. அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“ஏன் தம்பி, கொழுந்தனார் லாட்ஜுல ரூம் கேட்டு எனக்கு வருது?”

லேப்டாப்பைத் திறந்தேன். அதே மகானுபாவர்தான் கொழுந்தனாருக்கும் சைட் செய்திருக்கிறார். அதை அக்காவின் சைட்டுக்குள்ளேயே ஒரு ஃபோல்டராகச் செருகியிருக்கிறார்! அங்கிருந்த நம்பரையும் என் டிக் மாற்றிவிட்டது. மெஷின் ‘எல்லாவற்றிலுமா?’ என்று கேட்டால், எல்லாம் என்றால் எதெல்லாம் என்று திருப்பிக் கேளுங்கள் — இந்த வாரம் நான் கற்றது இதுதான்.

“தப்பு நடந்துபோச்சுக்கா. இப்பவே அவரு நம்பர அவருக்கே மாத்திடறேன்.”

அக்கா வாசலைப் பார்த்தார். எதிர்வாடையில் கொழுந்தனார், சிக்னல் இல்லையோ என்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவசரமில்ல தம்பி. நிதானமா செய்யி... ஞாயித்துக்கெழம.”