பெக்கோக் ஆற்றில் அத்திப்பழம் விழும் இடம்

மாசி மாதத்துக் கடைசி வெள்ளி, காலை ஒன்பது மணி. மலேசியாவின் பெக்கோக் ஆற்றங்கரையில், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் சவரிமுத்துவுடன் நிற்கிறேன். துரையிடம் அரைநாள் விடுப்புக் கேட்டு வந்திருக்கிறார். தவக்காலம், இறைச்சி ஆகாது. மாதம் ஒருமுறை தோட்டத்துக்கு வரும் பாதிரியார் இன்று முதல்முறையாக இவர் வீட்டில் சாப்பிடப்போகிறார். பூசை முடிவதற்குள் மீன் வேண்டும்.

அவர் ஆற்றைப் பார்ப்பதில்லை; மரங்களைப் பார்த்தே நடக்கிறார். நீர்மேல் சாய்ந்த காட்டத்தி ஒன்றின் அடியில் நின்று, அதன் பழங்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போடுகிறார்.

"கெலா மீனுக்கு மொதல்ல விருந்து வைக்கணுங்க."

நான்காவது பழத்துக்குள் தூண்டில் முள் இருக்கிறது. கயிறு விர்ரென்று ஓடுகிறது.

"இழுங்க!" என்று கத்துகிறேன்.

"அறுந்துரும்ங்க. அதுவே களைச்சு வரட்டும்."

"பூசை முடிஞ்சுடுமே?"

"நம்ம சாமியோட பிரசங்கம் உங்களுக்குத் தெரியாது லா!"

விட்டும் பிடித்தும், என் கடிகாரப்படி இருபத்தாறு நிமிடம் கழிகிறது. பொன்னிறச் செதில் மின்ன, கெலா மணலருகே சாய்கிறது. சவரிமுத்து முழங்கால் நீரில் இறங்கி அதை இரு கைகளாலும் தூக்குகிறார். இத்தனை நேரம் நிதானமாக நின்றவர், கரையேறியதும் மீனை அணைத்தபடி வீட்டை நோக்கி ஓடுகிறார்.