முகமூடியைக் கழற்றாமல் வந்தவர்

அறுபத்தெட்டாம் வருஷம், வியட்நாம்காரர்களின் தெத் புத்தாண்டு. என் மகள் செல்விக்கு ஆறு வயசு. அவளைத் தொலைத்துவிட்டு நான் உயிரோடு நின்றேன். அம்மனை நம்புகிற உங்களிடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்களுக்குக் காரைக்கால். வீட்டுக்காரர் சைகோனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். பக்கத்து வீட்டு ஹோவா அக்கா வியட்நாம்காரி. சோலோன் என்கிற சீனர் பேட்டையைத் தாண்டி வாய்க்காலோரம் ஒரு கிராமம் அவளுக்கு. அந்த ஊர் புத்தர் கோயில் திருவிழாவில் லான் ஆட்டம் ஆடுவார்கள். லான் என்பது ஒற்றைக்கொம்பு மிருகம். ஒருவர் தலையைத் தூக்கிக்கொள்ள, பின்னால் நீளத் துணிக்குள் இன்னொருவர் ஆடுவார். முன்னால் தொந்தியும் விசிறியுமாக, சிரிக்கிற முகமூடி போட்ட ஓங் தியா. பூமிக்குச் சாமி.

செல்வி சாப்பிட அடம்பிடித்தால் ஹோவா அக்கா அந்தக் கதையை எடுத்துவிடுவாள். முன்காலத்தில் ஒரு மிருகம் கடலிலிருந்து ஏறி வந்து ஆட்களைத் தின்னுமாம். மைத்ரேய புத்தர் அதோடு சண்டைக்குப் போகவில்லையாம். ஓங் தியாவாக, தொந்தி பெருத்த சாதாரண ஆளாக இறங்கி வந்து, சிரித்து, விசிறி வீசி, மலையில் முளைத்த காளானைத் தின்னக் கொடுத்து, நாய்க்குட்டி மாதிரி பின்னால் நடக்க வைத்தாராம். அவர் விசிறியை ஒட்டி நிற்கிறவர்களை மிருகம் தொடாது. அதைத்தான் வருஷா வருஷம் ஆடிக் காட்டுகிறார்கள்.

அந்தத் தெத்துக்கு ஹோவா அக்கா செல்வியையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தாள். மறுநாள் காலையில் வெடிச் சத்தம். பட்டாசு என்றுதான் நினைத்தோம். துப்பாக்கி. போர் நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மதியம் ஹோவா அக்கா தனியாக வந்தாள். ஆட்டம் பார்த்த கூட்டம் சிதறி ஓடியதில் பிள்ளையின் கை நழுவிவிட்டதாம். சொல்லிவிட்டு எங்கள் வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் சைக்கிளில் போனார். சோலோன் சாலையில் பட்டாளத்தார் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பின்சந்து வழியாக மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன், ஹோவா அக்காவும் கூடவே. அங்கே வியட்நாம்காரர்கள் கருவறையின் பின்சுவரில் நெற்றியை வைத்து வேண்டுவார்கள். கல்லிடம் சொன்னால் அம்மாவுக்குக் கேட்குமாம். நாங்கள் இரண்டு பேரும் அப்படி நின்றோம். எனக்கு மந்திரம் எதுவும் வரவில்லை. "பிள்ளைய நீ வச்சிக்கிட்டா நான் எங்க போவேன்? குடுத்துடும்மா." இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பொழுது சாயத் தொடங்கியது.

குருக்கள் கூப்பிட்டார். "வாசல்ல வந்து பாரும்மா."

வாசலில் ஓங் தியா நின்றார். தொந்தி, சிரிப்பு எல்லாம் அப்படியே. அவர் விசிறியின் நுனியைப் பிடித்தபடி செல்வி.

நடந்ததை ஹோவா அக்கா அவரிடம் கேட்டுச் சொன்னாள். அவர் அந்த ஊரில் நெல்மூட்டை தூக்குகிறவர். சத்தம் கேட்டதும் ஆட்டக்காரர்கள் வேஷத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்கள். இவர் ஓடுவதற்குள் செல்வி வந்து விசிறியைப் பிடித்துக்கொண்டாள். மிருகம் வந்துவிட்டது என்று அவளுக்கு நினைப்பு. முகமூடியைக் கழற்றினார். வேற்று ஆளைப் பார்த்ததும் அவள் கதறி, சத்தம் வந்த பக்கமே ஓடப் பார்த்தாள். மறுபடி மாட்டினார், அடங்கினாள். அப்படியே அத்தனை தூரமும் நடத்தி வந்தார். முகத்தை மூடி வருகிறவனை அன்றைக்குச் சுட்டிருந்தால் கேட்க நாதி கிடையாது. மறித்த பட்டாளத்தார் கழற்றச் சொன்னார்கள். அவர்களிடம் இவர் இப்படிச் சொன்னாராம்.

"கழட்டினா பிள்ள ஓடிடும் தம்பி. வேணும்னா நீங்க மாட்டிக்கிட்டுக் கூட்டிப் போங்க. நெத்தியில பொட்டு இருக்கு, இந்தியர் அம்மா கோயில்ல விட்டுடுங்க."

ஒருவன் சிரித்துவிட்டானாம். வழி விட்டார்கள்.

பிள்ளை என் கைக்கு வந்த பிறகுதான் கழற்றினார். மூக்கின் மேல் தோல் உரிந்திருந்தது. காலில் விழப் போனேன், பதறிப் பின்வாங்கினார். செல்வி அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "சாமி எங்க போச்சு?" என்று அவர்கள் பாஷையிலேயே கேட்டாள். அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு, கொட்டு இல்லாமல், அந்த வாசலில் ஒரு சுற்று ஆடிக் காட்டினார்.

அதன் பிறகு ஒவ்வொரு தெத்துக்கும் அம்மனுக்குப் பொங்கல் வைத்தால் ஒரு தூக்கு அந்த ஆட்டக்காரர்களுக்குப் போகும். காப்பாற்றியது அம்மனா, புத்தரா, அந்த மனுஷனா என்று என்னைக் கேட்பார்கள். நான் கேட்டது அம்மாவிடம், வந்தது அவர். இதற்கு மேல் எனக்குப் பிரிக்கத் தெரியாது.

உங்கள் வீட்டுக்கும் யாராவது திரும்பி வர வேண்டியிருக்கலாம். மந்திரம் தெரியாதே என்று தயங்காதீர்கள், வாயில் வருகிறதைச் சொல்லிக் கேளுங்கள். கூட்டிக்கொண்டு வருகிறவர் யார் என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். முதலில் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்.